இரண்டாவது பொட்டலம்

"சிவப்பு" என்றார் பூசாரி செங்கல்வராயன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுல நல்லாப் பாக்கறதுக்கு இன்னாமா கீது? அரளி சிவப்பாத்தான் இருக்கும்."

லோகநாயகி பூசாரியின் உள்ளங்கையை எட்டிப் பார்த்தாள். பிரித்த காகிதத்தின் நடுவே ஒரே ஒரு செவ்வரளி. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தங்கவேல் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அப்ப போவ வேணாம்னு சொல்றா" என்றான்.

"இருய்யா. அவசரப்படாத."

பட்டரவாக்கம் பொன்னியம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்ப்பது வழக்கம்தான். ஒரே அளவாகக் கிழித்த இரண்டு காகிதத்தில் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அது ஆத்தாள் சொல்லாமல் விட்டது. அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு விளக்குப் போட வந்த யாரோ ஒரு பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். கேள்வி இதுதான்: திங்கட்கிழமை காலை தங்கவேல் கம்பெனிக்குள் போகலாமா, கூடாதா?

எண்பத்தாறாம் வருஷம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்ட்ரைக். தகடு வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் குணசேகரன் என்கிற பையனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு இரும்புக் கார்டு உண்டு. அதை மாட்டினால் வேலை மெதுவாக நடக்கிறது என்று கம்பெனி கழற்றி வைத்திருந்தது. கார்டை மாட்டு, அப்புறம் வருகிறோம் என்று ஆட்கள் வெளியே வந்து கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாதக்கணக்காகிவிட்டது. கம்பெனி இறங்கி வரவில்லை. இப்போது கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வராதவனுக்கு இனி வேலை கிடையாது.

விரல் போன அன்று அந்த பிரஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் தங்கவேல். லோகநாயகியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டிருந்தான். அவனுக்குப் பதில் உட்கார்ந்தவன்தான் குணசேகரன். இதை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் லோகநாயகி ஆரம்பித்தாள்.

"அந்தப் பொம்பள எந்தக் கையால எடுத்தா, பாத்தியா?"

"சோத்துக் கைலதான் எடுத்தா."

"எனக்கு என்னமோ பீச்சக் கை மாதிரி தெரிஞ்சிச்சு. அது மட்டுமா? வெள்ளப் பூ வாடிக் கெடந்துச்சு. வாடின பூவுல ஆத்தா எப்டி வருவா?"

"லோகா, வெள்ளையோ சிவப்போ, ஆத்தா இன்னா சொல்றாளோ அதக் கேட்டுக்கலாம்னு நீதானே சொன்ன? நடுவூட்ல கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணியே."

"இப்ப மட்டும் மாத்தியா சொல்றேன்? ஆத்தா சொன்னாக் கேக்கணும். ஆனா சொன்னது ஆத்தாதானான்னு தெரிய வேணாமா? நாளைக்கு நான் புதுப் பூவா பறிச்சிகினு வரேன். சரியாக் கேப்போம்."

தங்கவேல் முன்னால் நடந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் அவனிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. முந்தின நாள், வியாழக்கிழமை, மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தவளைச் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் ஸ்கூட்டரை நிறுத்திக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தங்கவேல் சம்சாரம்தானே நீ? அவனை திங்கட்கிழமை உள்ளே வரச் சொல்லு. அவன் சீனியர். அவன் வந்தா பின்னாலேயே நாலு பேர் வருவான்."

"அந்த மிஷின்ல ஒக்கார வெக்க மாட்டீங்களே சார்?"

"ஸ்டோருக்கு மாத்திடறேன். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கிற வேலை. நிழல்ல உக்காந்துக்கலாம். வருவானா, மாட்டானா? நான் மேலே சொல்லணும்."

"வருவாரு சார். நான் அனுப்பறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அப்படிச் சொல்லிவிட்டு வந்துதான் மறுநாள் ஆத்தாளிடம் கேட்கப் போனாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் அடுப்பெரிவதே அண்ணன் வீட்டுப் புண்ணியத்தில். பித்தளை அண்டா போயாயிற்று, சைக்கிள் போயாயிற்று. இனி போவதற்கு என்ன இருக்கிறது? இதெல்லாம் ஆத்தாளுக்குத் தெரியாதா? தெரிந்தவள் எப்படிப் போகாதே என்று சொல்வாள்?

சனிக்கிழமை காலை மறுபடியும் போனார்கள். செங்கல்வராயன் பொட்டலங்களைத் தொடவே இல்லை.

"ஒரே கேள்விய எத்தினி தபாமா கேப்ப?"

"நேத்து பூ வாடிப் போச்சு பூசாரி."

"பூ வாடினா ஆத்தாளும் வாடிட்டாளா?"

"இந்த ஒரு வாட்டி. இதான் கடேசி."

அவர் தங்கவேலைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

"அவ ஆசப்படறா. போட்டுப் பாருங்களேன்" என்றான் தங்கவேல்.

வாசலில் பால் கேனோடு நின்ற ஒருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். பூசாரி நூலைப் பிரித்தார்.

அரளி.

"ஆத்தாளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது லோகநாயகி" என்றார் செங்கல்வராயன். "உனக்குத்தான் அடச்சிகினு கீது. இனிமே இத எடுத்துகினு இங்க வராத."

தெருமுனை திரும்பியதும் லோகநாயகி நின்றாள்.

"அந்தாளு பையன் உங்க சங்கத்துல கீறான், தெரியுமா உனக்கு?"

"அதுக்கு?"

"அதுக்கா? பொட்டலத்த ஆத்தா காலாண்ட வெக்கறது யாரு? அவருதான? எத முன்னால வெக்கணும், எத பின்னால வெக்கணும்னு அவருக்குத் தெரியாது?"

"அடிப்பாவி. பூசாரி மேலயே பழி போடறியா?"

"நான் யார் மேலயும் போடல. வேற கோயில்ல கேக்கலாம்னு சொல்றேன். பூந்தமல்லி பக்கம் பாரிவாக்கத்துல ஏரிக்கர எல்லம்மா கீறா. கேட்டது கேட்டபடி சொல்லுவாளாம். அங்க நம்மள எவனுக்கும் தெரியாது. நாளைக்குப் போலாமா?"

தங்கவேல் பீடியைப் பற்ற வைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான்.

"போலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லோகநாயகி அடுத்த வீட்டு ஜெகதாம்பாளின் வேலியோரம் போனாள். நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது.

"எத்தினி வோணும் லோகா?"

"ரெண்டு போதும் அக்கா."

அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தில் வெள்ளை வைத்து மடித்தாள். இன்னொன்றை விரித்து வைத்தாள். நேற்று மிஞ்சிய அரளி ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்தது. கை அதன் பக்கம் போயிற்று. போய், திரும்பி வந்தது.

நான் ஆத்தாளை ஏமாற்றவில்லை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆத்தாள் சொல்ல வருவது இதுதான். நடுவிலே எவனெவனோ குழப்புகிறான். நான் எடுத்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது காகிதத்திலும் வெள்ளையை வைத்து நூல் சுற்றினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

பாரிவாக்கம் ஏரிக்கரையில் எல்லையம்மன் ஒரு வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லாக இருந்தாள். பூசாரி இல்லை. புல்லுக்கட்டோடு ஒரு கிழவி கரைமேல் வந்தாள்.

"ஆயா, கொஞ்சம் இங்க வா. உம் பேரு இன்னா?"

"அங்கம்மா. எதுக்குக் கேக்கற?"

"இதுல ஒரு பொட்டலம் எடுத்துக் குடேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாது ஆயா."

"பாம்பு கீம்பு புடிச்சி வெச்சிகிறீங்களா?"

"சாமி விஷயம் ஆயா. சும்மா எடு."

அங்கம்மா புல்லுக்கட்டை இறக்காமலே குனிந்து ஒன்றை எடுத்துத் தங்கவேலின் கையில் போட்டாள். "நல்லது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தங்கவேல் உடனே பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். லோகநாயகிக்கு உள்ளே இருப்பது தெரியும். தெரிந்தும் அவன் விரலையே பார்த்தாள்.

அவன் நூலை அறுத்தான். வெள்ளை.

முதல் இரண்டு தடவையும் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டவன், இப்போது கல்லின் முன்னால் நெடுக விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது நெற்றியெல்லாம் மண். முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"அவ்ளதான் லோகா. இனிமே எனக்குப் பயமில்ல. நாலாம் நம்பராவே இருக்கட்டும், கார்டு இல்லாமலே இருக்கட்டும். என் கைக்கு இனிமே அவ பொறுப்பு."

லோகநாயகி கல்லைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"இன்னா நிக்கற? அந்த இன்னொரு பொட்டலத்த ஏரில போட்டுட்டு வா."

அவள் கரையிறங்கினாள். கோடைக்குத் தண்ணீர் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. கரையோரம் முழுக்க எருமை மிதித்த சேறு. வீசினால் தண்ணீர் வரை போகாது. சேற்றில் விழுந்து, நூல் அவிழ்ந்து, காகிதம் விரிந்து... மேலே தங்கவேல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை வீசுவது போல வீசிவிட்டு, பொட்டலத்தை இடுப்பு மடிப்பில் சொருகிக்கொண்டு ஏறி வந்தாள்.

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தான். ஸ்ட்ரைக் தொடங்கிய பிறகு அவன் பாடி அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் அண்ணன் கஜபதி வந்தான். சங்கத்தில் முன்னால் நிற்பவன் அவன்தான். பந்தலில் கொடி நட்டவனும் அவனே. லோகநாயகி அவனுக்காகச் சண்டையைத் தயாராக வைத்திருந்தாள். உன் சங்கம் எங்களுக்குச் சோறு போடுமா என்று கேட்க வேண்டும். அவன்தான் போடுகிறான் என்பது நினைவுக்கு வந்ததும் அதை மாற்றி வேறொன்று யோசித்து வைத்திருந்தாள்.

"இன்னா மச்சான், நாளைக்கு உள்ள போறியாமே?" என்றான் கஜபதி நின்றபடியே.

"யாரு சொன்னா?"

"ஜெகதாம்பா சொல்றா, டீக்கட சொல்லுது. எனக்கு மட்டும்தான் தெரியலியாம். நெசமா?"

"நெசம்தான் மச்சான்" என்றான் தங்கவேல். "பூ போட்டுப் பாத்தேன். பாரிவாக்கத்து எல்லம்மா வெள்ள குடுத்துட்டா."

கஜபதி சுவரில் சாமி படத்துக்குக் கீழே தட்டில் வைத்திருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அப்ப நான் பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

"அண்ணா" என்றாள் லோகநாயகி. "நீ கோவப்படலியா?"

"ஆத்தா மேல எவனாவது கோவப்படுவானா? நான் பந்தல்லதான் இருப்பேன், அது வேற. மச்சான், நீ தைரியமாப் போ. கேட்டாண்ட எவனாவது உம் மேல கைய வெச்சா நான் பாத்துக்கறேன். ஆனா அந்த மிஷின மட்டும் பாத்து ஓட்டு. பெடல்ல கால வெச்சிகினு தகட்டத் தள்ளாத. காலத் தனியா எடு, கையத் தனியா எடு."

"சண்ட போடேன் அண்ணா" என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. வெறுமனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் இன்னும் இரண்டு பேர். பின்தெரு கோவிந்தனும் அவன் பெண்டாட்டி புஷ்பாவும். கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷமாகாத பையன். போன தையில்தான் கல்யாணம்.

"அண்ணாத்தே, நீங்க போறீங்கன்னா நானும் வரேன்" என்றான் கோவிந்தன்.

"எனக்குத்தான்டா பூ வந்துச்சு. உனக்கு வரலியே."

"ஒரு கம்பெனிதானே அண்ணாத்தே? ஆத்தா உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா சொல்லுவா? இவதான் பயந்துகினு கீறா."

புஷ்பா லோகநாயகியின் அருகே வந்து குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஆத்தா பூவுல ஒரு எதழு குடுங்களேன். இவரு சட்டப்பையில வெச்சி அனுப்பறேன். கொணா கையப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"அதெல்லாம் எதுக்கு புஷ்பா? அவுரு போவ வேணாமே. இவரு மட்டும் போயிட்டு வரட்டும். என்ன ஏதுன்னு பாத்துட்டு அப்புறமா..."

"நாளைக்கு வுட்டா வேல கெடையாதாமே அக்கா. நீங்களே சொல்லுங்க. ஆத்தா சொல்லலேன்னா நான் அனுப்புவேனா?"

தங்கவேல் தட்டிலிருந்து பூவை எடுத்து நீட்டினான். லோகநாயகிதான் கிள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது. புஷ்பா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். குனிந்து லோகநாயகியின் காலைத் தொடப் போனாள்.

"ஐயோ, இன்னா பண்ற நீ!" என்று லோகநாயகி பின்னால் துள்ளினாள்.

"இன்னா லோகா, பாம்ப மிதிச்ச மாதிரி" என்று சிரித்தான் தங்கவேல்.

திங்கட்கிழமை காலை கேட்டின் முன்னால் ஒரு பக்கம் போலீஸ் வேன், ஒரு பக்கம் பந்தல். பந்தலின் கீழே கஜபதியும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். குணசேகரன் இன்னும் கட்டுப் பிரிக்காத கையைத் தோளில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தான். யாரும் கோஷம் போடவில்லை. தங்கவேலுக்குப் பின்னால் கோவிந்தன், அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லாருக்கும் வெள்ளைப் பூ விஷயம் தெரிந்திருந்தது. பெண்கள் டிபன் பாக்ஸோடு ஓரமாக நின்றார்கள். லோகநாயகி நேற்றுக் கட்டிய சேலையோடுதான் வந்திருந்தாள். பொட்டலம் இடுப்பில் உறுத்தியது.

"அண்ணாத்தே" என்று கூப்பிட்டான் குணசேகரன்.

தங்கவேல் நின்றான்.

"பெடலு கொஞ்சம் லூசா கீது. காலு பட்டாலே எறங்குது. பாத்துக்க."

"சரிடா கொணா" என்றான் தங்கவேல். அவனால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

சின்னக் கதவு திறந்தது. சண்முகசுந்தரம் வெளியே வந்தார்.

"வா தங்கவேல். சொன்ன மாதிரியே வந்துட்டே, சந்தோஷம். நீ நேரா ஸ்டோருக்குப் போயிடு. யாருப்பா அது, கோவிந்தனா? நீ நாலாம் நம்பர் பிரஸ். இன்னைக்கு அதுதான் முதல்ல ஓடணும்."

"சரி சார்" என்றான் கோவிந்தன். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டான். திரும்பிப் புஷ்பாவைப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்று தலையாட்டினான்.

தங்கவேல் நகரவில்லை.

"ஸ்டோரா? எனக்கு எதுக்கு சார் ஸ்டோரு? நாலாம் நம்பரு என் மிஷினு."

"அதான் உன் வீட்டுக்காரம்மாகிட்ட பேசியாச்சே. அவங்கதான் கேட்டாங்க. நான் சரின்னேன். திங்கக்கிழமை நிச்சயம் அனுப்பறேன்னு அவங்களும் சொன்னாங்க."

"எப்ப சார்?"

"வியாழக்கிழமை. ஏன், உனக்குத் தெரியாதா?"

தங்கவேல் மெதுவாகத் திரும்பினான்.

"வியாயக்கெழமயா? நம்ம பூ போட்டது வெள்ளிக்கெழம."

லோகநாயகி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லு லோகா. வியாயக்கெழமயே வாக்கு குடுத்துட்டு, வெள்ளிக்கெழம ஆத்தாகிட்ட இன்னா கேட்ட?"

"மணி ஆகுதுப்பா" என்றார் சண்முகசுந்தரம். "குடும்பக் கதையெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம். கோவிந்தா, நீ வா."

கோவிந்தன் ஒரு காலைக் கதவுக்குள் வைத்தான்.

"போவாத!" என்று கத்தினாள் லோகநாயகி.

தன் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை. இடுப்பிலிருந்து பொட்டலத்தை இழுத்தாள். வேர்வையில் நனைந்து காகிதம் நைந்திருந்தது. தங்கவேலிடம் நீட்டினாள்.

"இன்னா இது?"

"ஏரில போடச் சொன்னியே."

"போடலியா நீ? எடுக்காத பொட்டலம்டி இது. இதப் பிரிக்கக் கூடாது."

"பிரி."

"லோகா..."

"பிரிய்யா, பிரி! எல்லாரும் பாக்கறாப்பல பிரி!"

அவன் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் காகிதம் கிழிந்து, பழுத்த நந்தியாவட்டை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அழுக்கு நிறம். ஆனால் வெள்ளை.

"அப்ப... அந்தக் கெழவி எடுத்தது?"

"எத எடுத்திருந்தாலும் வெள்ளதான். ரெண்டும் நான்தான் கட்னேன்."

பந்தலில் ஒருவரும் அசையவில்லை. முதலில் அசைந்தவள் புஷ்பா. டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு ஓடி, கதவுக்குள் கால் வைத்திருந்த கோவிந்தனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். பையிலிருந்த இதழைத் தோண்டி எடுத்துத் தரையில் எறிந்தாள்.

"நான் உங்க கால்ல வுழ வந்தேனே அக்கா" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

லோகநாயகி தங்கவேல் பக்கம் திரும்பினாள். புருஷன் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் உள்ளங்கைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மட்டும் இல்ல" என்றான் கடைசியில். "ரெண்டு தபா சிவப்பு வந்துச்சு. அப்பவே கேள்வி முடிஞ்சி போச்சு. மூணாவது வாட்டி பாரிவாக்கத்துக்கு பஸ் ஏறினேனே, எதுக்கு? எனக்கும் உள்ள போவணும்தான். வெள்ள வர்ற வரிக்கும் நீ வுடமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் உம் பின்னாலயே வந்தேன். பழி ஆத்தா மேல போவட்டும், நான் நல்லவனா போயி ஒக்காந்துக்கலாம்னு."

"அப்டிச் சொல்லாதய்யா."

"வேற எப்டிச் சொல்றது?"

"பூவாவது காயாவது" என்றார் சண்முகசுந்தரம். "வரவன் வரலாம். கதவை மூடப் போறேன். தங்கவேல், ஸ்டோர் வேலை சும்மா கிடைக்காது, யோசிச்சுக்கோ."

தங்கவேல் கதவைப் பார்த்தான். பிறகு குணசேகரனின் தூளியைப் பார்த்தான். இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை.

"நான் ஸ்டோருக்குப் போனா அந்த மிஷின்ல வேற எவனாவது ஒக்காரணும் இல்ல சார்?"

"அது கம்பெனி பாத்துக்கும்."

"போன தபா அப்டித்தான் சார் நான் லீவு போட்டேன்."

அவன் நடந்து போய்ப் பந்தலில் கஜபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கஜபதி நகர்ந்து இடம் விட்டான். தங்கச்சியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோவிந்தன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு வந்து ஓரமாகக் குந்தினான். வரிசையில் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் மட்டும் தலையைக் குனிந்தபடி கதவை நோக்கிப் போனார்கள்.

"ஆத்தா சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா" என்றான் ஒருவன் யாரிடமோ. "எங்க ஊட்ல அரிசி இல்ல."

அவர்களை யாரும் தடுக்கவில்லை. கதவு மூடியது. சங்கு ஊதியது.

லோகநாயகி வெயிலிலேயே நின்றாள். தங்கவேல்தான் கூப்பிட்டான்.

"இன்னாத்துக்கு அங்க நிக்கற? இங்க வா."

அவள் வந்து அவன் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, மண்ணில் உட்கார்ந்தாள். கீழே கிடந்த டிபன் பாக்ஸைப் புஷ்பா பொறுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போக இவளுக்குத் துணிவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. பேச்செல்லாம் நின்றது. சற்று நேரத்தில் தரை அதிரும்படி ஒரு சத்தம்.

டம்.

"நாலாம் நம்பரு" என்றான் குணசேகரன், தலை நிமிராமல்.

"யாரு ஒக்காந்துகிறாங்க?" என்று கேட்டாள் லோகநாயகி.

"யாருக்குத் தெரியும்."

டம்.

ஒவ்வொரு அடிக்கும் குணசேகரனின் தோள் தூளியோடு சேர்ந்து துள்ளியது. அடுத்த அடிக்கு இடைவெளி கொஞ்சம் நீண்டால் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் மதிலைப் பார்த்தார்கள். அடி விழுந்ததும் மூச்சு விட்டார்கள்.

லோகநாயகி கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"ஆத்தாகிட்ட இன்னா கேட்டுகினு கீற?" என்றான் தங்கவேல்.

"ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் இன்னா மொணமொணக்கற?"

"கேட்டுடுவேனோன்னு பயமா கீதுய்யா. கேட்டா சொல்லிடுவா."

டம்.

அவள் கையை நீட்டி அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நசுங்கிய பூ இன்னும் அதில் ஒட்டியிருந்தது. தங்கவேல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அடிக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.